நாற்பத்தொரு தெள்ளுப்பூச்சிகள்

எங்கள் வீட்டில் தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்ற செய்தி தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பதினான்கு யோசனைகள் வந்து சேர்ந்துவிட்டன. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பதினான்கில் நான்கு, நாயைக் கொன்றுவிடும். இரண்டு, என்னையும் என் மனைவியையும் கொன்றுவிடும். ஒன்று, வீட்டையே கொளுத்திவிடும். மீதி ஏழும் எதுவுமே செய்யாது. பூச்சி பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருக்கும். யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட “நாய் எத்தனை கிலோ?” என்று கேட்கவில்லை. “எத்தனை பூச்சி?” என்றும் கேட்கவில்லை. எண்ணிக்கை தெரியாமல் யோசனை சொல்கிறவர்களை எனக்கு நாற்பது வயதிலேயே பிடிக்காது. இப்போது எழுபத்து மூன்று.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். முப்பத்தோரு வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறைகளுக்குப் போர்மேனாக இருந்தேன். ஒரு அறைக்குள் நான்கு பேர் என்றால் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் வாசலில் நின்று தலையை நீட்டினாலும் வேலையை நிறுத்திவிடுவேன். கைகளில் பத்து விரலோடு ஓய்வு பெற்றேன். அது அதிர்ஷ்டம் என்பான் என் மச்சினன். எண்ணிக்கை என்பேன் நான்.

நாய் வந்தது போன வருடப் பட்டாசு சீசனில். எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பொட்டலில், ஏதோ கம்பெனிக்காரர்கள் புது அயிட்டங்களை வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வெடிக்கு ஒரு பழுப்பு நாய் எங்கள் வாசல் வழியே நுழைந்து, ஹாலைத் தாண்டி, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. பதினொரு மணி நேரம் வெளியே வரவில்லை. என் மனைவி ஒரு தட்டில் சோற்றைப் போட்டு உள்ளே தள்ளினாள். அதோடு அது எங்கள் நாய் ஆகிவிட்டது. ஊரே வெடி செய்து சாப்பிடுகிறது. இந்த ஒரு நாய்க்கு மட்டும் குக்கர் விசில் கேட்டால் மூத்திரம் வந்துவிடும். இதை நான் நாலு பேர் முன்னால் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.

“முப்பது வருசம் தீக்காய வார்டுல நின்னவ நான். இந்த ஊர்ல அது ஒண்ணுக்குத்தான் புத்தி இருக்கு” என்பாள்.

இந்தப் பங்குனிக் கடைசியில் அவள் காலைச் சொறிய ஆரம்பித்தாள். கணுக்காலுக்கு மேலே, வரிசையாக, சிவந்த புள்ளிகள். பதினேழு. கொசு என்றாள். கொசு இப்படி வரிசை போட்டுக் கடிக்காது என்றேன். நாயின் முதுகில் கையை விட்டு மயிரை விலக்கிப் பார்த்தேன். மிளகுத் தூளைத் தூவியதுபோல் கறுப்பாக இருந்தது. “மண்ணு” என்றேன். அவள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அந்தத் தூளை அதில் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தூளையும் சுற்றித் துருப்பிடித்த சிவப்பு ஊறியது.

“மண்ணு இல்ல, ரத்தம். தெள்ளு குடிச்சிட்டுப் போட்ட எச்சம்” என்றாள். நர்ஸ்கள் இப்படித்தான். நாம் சொன்னது தப்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள், துணியில் காட்டுவார்கள்.

இதைச் சத்தமில்லாமல் முடித்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். மனைவி காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினாள். மருமகள் கண்ணில் பட்டுவிட்டது.

“அத்தை, கால்ல என்ன அது?”

என் மனைவிக்குப் பொய் வராது. சொல்லிவிட்டாள். இன்னும் முப்பத்தாறு நாளில் அவர்கள் வருகிறார்கள், பேத்திக்கு எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம். எட்டு மாதக் குழந்தை, தவழ்கிறாள். மருமகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“மாமா, நான் சண்டைக்குச் சொல்லல. பிள்ளை தரையிலதான் கெடப்பா. பூச்சி இருக்கிற வீட்டுல எறக்கிவிட முடியாது. நாங்க விருதுநகர்ல லாட்ஜ் போட்டுத் தங்கிக்கிறோம். சர்ச்சுக்கு நேரா வந்துருவோம்.”

என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சிறு வயதிலிருந்து அவன் அதைத்தான் செய்கிறான்.

பேத்தி முதல் தடவை ஊருக்கு வந்து லாட்ஜில் தங்குவதா! மனைவி முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. போனை வாங்கி, “நீ வர்ற அன்னைக்குக் காலையில நானே எண்ணிச் சொல்றேன். ஒரே ஒரு பூச்சி இருந்தாலும் அன்னைக்கே நாய அனுப்பிருவேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், எங்கே அனுப்புவேன் என்று நான் யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அதற்கும் ஒரு ஆள் தயாராக உட்கார்ந்திருந்தான். மச்சினன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுவான்.

“எங்க யூனிட்டுக்குக் குடுத்துருங்க அத்தான். வாட்ச்மேனுக்குத் துணையாக் கெடக்கும்” என்றான், எலும்பைக் கடித்துக்கொண்டே.

“ஏலே, குக்கர் விசிலுக்கே நடுங்குறத வெடிக் கம்பெனிக்காலே கூப்புடுற? அதுக்கு வெஷத்த வச்சிரலாம்” என்றாள் அக்காக்காரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “வாக்குக் குடுக்கும்போது நான் ஒருத்தி இங்கன ஒக்காந்திருக்கேன்னு தெரியலையோ உங்களுக்கு?”

இதுதான் நிலைமை. முப்பத்தாறு நாள். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் நாய் ஏழாயிரம்பண்ணைக்குப் போகும். அங்கே முதல் நாள் சோதனை வெடி கேட்டதும் கம்பி வேலியைத் தாண்டி ஓடி ரோட்டில் அடிபடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் எண்ணிக்கையை எடுத்தேன். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒவ்வொரு அறையிலும் இருபது அடி மெதுவாக நடந்து, இரண்டு நிமிடம் நின்றேன். கால் சூட்டுக்குத் தெள்ளு துள்ளி ஏறும். வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். ஹால் ஆறு, படுக்கையறை ஒன்பது, அடுக்களை ஒன்று, பின்வராந்தா இருபத்தைந்து. மொத்தம் நாற்பத்தொன்று. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சாக்ஸ் போட்ட கிழவனைப் பார்த்துச் சிரிக்கத் தெரிகிறது. அவர்கள் வீட்டுப் பூனை நாள் முழுக்கச் சொறிகிறதே, அது எத்தனை என்று தெரியாது.

அந்தப் பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஜாரில் பிராணிகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரன் நாயையே பார்க்காமல் ஒரு சொட்டு மருந்துக் குப்பியை நீட்டினான்.

“பிடரியில ஊத்துங்க சார். நாய், பூனை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். பொடி எழுத்தில், பூனைக்கு உபயோகிக்கக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. விற்கிறவன் படிக்கவில்லை. நாய்க்குப் போடும் சில மருந்துகள் பூனைக்கு நரம்பில் ஏறி, வலிப்பு வந்து, அது செத்துப்போகும். “எதிர்வீட்டு அம்மா நேத்துத்தான் பூனைக்கு வாங்கிட்டுப் போனாங்களே” என்றான் அவன், என்னமோ நான் சந்தோஷப்படுவேன் என்பதுபோல். ஆட்டோ பிடித்து வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்ல வேளை, குப்பியை இன்னும் உடைக்கவில்லை. அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை. “கடைக்காரருக்குத் தெரியாமயா குடுப்பாரு?” என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் மச்சினன் பைக்கில் வந்தான். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு மஞ்சள் பை.

“என்ன மாப்ள அது?”

“சல்பர் அத்தான். ஒரு கிலோ. நாய் மேல கொஞ்சம் தூவணும். மிச்சத்தச் சட்டியில போட்டுப் புகை போட்டு, கதவு ஜன்னலச் சாத்திட்டா எல்லாம் செத்துரும்.”

“எல்லாம்னா?”

“பூச்சிதான்.”

“பூச்சிக்கு மட்டுந்தான் மூச்சு இருக்கா? கந்தகப் புகை நெஞ்சுக்குள்ள போனா என்ன ஆகும்னு பதினெட்டு வருசமா கம்பெனிக்குப் போற உனக்குத் தெரியாது? உங்க அக்காவுக்கு ஏற்கெனவே இளைப்பு. கைக்குழந்தை வேற வரப்போகுது, அது புகை படிஞ்ச செவுத்த நக்கவா? சித்திர வெயில்ல, டேங்கு மேல, சல்பர வச்சிக்கிட்டு இருபத்தஞ்சு கிலோமீட்டர் வந்திருக்கியே, யாரக் கேட்டு எடுத்த?”

“ஸ்டோர்ல சொல்லிட்டுத்தான் எடுத்தேன். நம்ம வீட்டுக்குத்தான அத்தான்?”

“நம்ம வீட்டுக்குன்னா அது பால் பவுடராலே?”

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா நாயைப் பார்த்தாள். பையோடு அப்படியே திருப்பி அனுப்பினேன். போகும்போது, “நல்லதுக்குச் சொன்னா எம்புட்டுப் பேச்சு” என்று முணுமுணுத்தான். இந்த ஊரில் பாதிப் பேர் நல்லதுக்குச் சொன்னதில்தான் போயிருக்கிறார்கள்.

கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாயை ஏற்ற மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள். நான்காவது ஆள் ஏற்றினான். அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. அவர்தான் முதன்முதலாகக் கேள்வி கேட்டார். எடை என்ன? பதினான்கு கிலோ முந்நூறு. வீட்டில் பூனை உண்டா? இல்லை. குழந்தை? வரப்போகிறது. வேறு மருந்து ஏதாவது தடவினீர்களா? இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எடைக்குத் தக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல் நெருக்கமான சீப்பால் தினம் வாரச் சொன்னார். வருகிற பூச்சியை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நாய் படுக்கிற துணி, நம் போர்வை எல்லாவற்றையும் கொதிநீரில் அலசி வெயிலில் போட வேண்டும்.

“நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான் சார். மிச்சமெல்லாம் முட்டையா, புழுவா, கூடா உங்க வீட்டுத் தரையில இருக்கு. கூட்டுக்குள்ள இருக்கறத எந்த மருந்தும் தொடாது. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பக் கிளம்பும். பயந்துபோய்க் கண்ட ஸ்ப்ரேயும் அடிச்சிராதீங்க. தரையத் தினம் கூட்டிச் சந்து பொந்தெல்லாம் எடுக்கணும். ஈரமில்லாமப் பாத்துக்குங்க.”

தரையைப் பற்றி எனக்கா? முப்பத்தோரு வருடம் நான் பார்த்ததே தரையைத்தான். அந்தக் கடைசி வரியை மட்டும், எல்லாரிடமும் ஒப்பிக்கிற பாடம் என்று ஒதுக்கிவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. முதல் நாள் சீப்பில் அறுபத்து மூன்று. இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நாய் நிம்மதியாகத் தூங்கியது. சாக்ஸ் எண்ணிக்கையும் இறங்கியது. ஒன்பதாம் நாள் பதினொன்று. மருமகளுக்குப் போன் செய்து சொன்னேன். “பரவாயில்ல மாமா” என்றாள். மச்சினனுக்கும் போன் செய்து சொன்னேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

பதினான்காம் நாள் நாற்பத்தாறு.

இரண்டு தடவை எண்ணினேன். முதல் நாளைவிட ஐந்து அதிகம். டாக்டர் சொன்னதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், நாற்பத்தாறு நாற்பத்தாறுதான். அன்றைக்கு ஞாயிறு. மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

“மாத்திரைக் கம்பெனிக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான் அத்தான். நான் சொல்ற ஆளக் கூப்புடுங்க. ஸ்ப்ரே. ஒரு தடவ அடிச்சா ஒரு வருசம் கேரண்டி. அடிக்கும்போது மட்டும் வெளிய நிக்கணும்.”

“என்ன மருந்து அடிப்பான்?”

“அது தெரியாது. நல்ல மருந்து. வாடையிலயே தெரியும்.”

வாடையை வைத்து மருந்தைத் தெரிந்துகொள்கிறவன் பதினெட்டு வருடம் உயிரோடு இருக்கிறானே, அதுதான் அதிர்ஷ்டம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஆளின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். மீதி இருபத்திரண்டு நாள்தான். வாக்குக் கொடுத்தவன் நான்.

சாயங்காலம் மனைவி என் கணக்குக் காகிதத்தைக் கேட்டாள். நான் அறை வாரியாக எழுதி வைத்திருந்தேன். ஆனால் அடியில் உள்ள மொத்தத்தைத்தான் தினமும் பார்த்தேன். அவள் ஆயிரக்கணக்கில் டெம்பரேச்சர் சார்ட் எழுதியவள். மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். அன்றைய கணக்கு: ஹால் மூன்று, படுக்கையறை பன்னிரண்டு, அடுக்களை பூஜ்யம், பின்வராந்தா முப்பத்தொன்று.

“அடுக்களையில எட்டு நாளா ஒண்ணுமில்ல. ஹால்ல கொறஞ்சிருக்கு. காய்ச்சல் பூரா ரெண்டு பெட்டுலதான் இருக்கு” என்றாள். எழுந்து பின்வராந்தாவுக்குப் போனாள். தரையில் விரித்திருந்த சாக்கின் ஒரு நுனியைத் தூக்கினாள்.

சாக்கைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. பெருமையாக ஒரு தனிப் பத்தி எழுதலாம் என்றுதான் வைத்திருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் காய்ந்த தரைதான் எமன். வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு சின்ன உராய்வு போதும். அதனால் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம்; நனைத்த சாக்குகளை விரித்து, ஜன்னலிலும் தொங்கவிடுவோம். காலை, மத்தியானம், சாயங்காலம். என் அறைகளில் சாக்கு காய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. பங்குனி பிறந்ததும் வீட்டில் ஐந்து சாக்குகளை நனைத்து, மூன்றைப் பின்வராந்தாவில் விரித்து, இரண்டைப் படுக்கையறை ஜன்னலில் நுனி தரையில் படும்படி தொங்கவிடுவேன். வெளியே அனல், எங்கள் வீட்டுக்குள் ஜில்லென்று இருக்கும். நாய் அந்தச் சாக்கிலேயேதான் கிடக்கும். வந்தவர்களெல்லாம் புகழ்ந்திருக்கிறார்கள்.

மனைவி தூக்கிய சாக்குக்கு அடியில், சிமெண்டுத் தரையின் வெடிப்பில், வெள்ளை நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல் ஏதோ கிடந்தது. வெளிச்சம் பட்டதும் அந்த நூல்துண்டுகள் நெளிந்து வெடிப்புக்குள் இறங்கின. அவற்றைச் சுற்றி அதே மிளகுத் தூள். புழுக்களுக்குச் சாப்பாடு.

“நீங்க ரிட்டயர்டே ஆகல. கம்பெனிய வீட்டுக்குள்ளயே நடத்திக்கிட்டு இருக்கீக. லேபர்தான் வேற” என்றாள்.

நான் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் முழுக்க அவளோடு பேசவும் இல்லை. பேசாமல் கணக்குப் போட்டேன். ஒரு நேரத்துக்கு எட்டுச் செம்பு. மூன்று நேரத்துக்கு இருபத்து நான்கு. சுமார் ஐம்பது நாள். ஆயிரத்து இருநூறு செம்புத் தண்ணீர். இந்த ஜில்லாவில் சித்திரை வெயிலும் வறட்டுக் காற்றும் தெள்ளின் முட்டையையும் புழுவையும் தாமாகவே காயவைத்துக் கொன்றிருக்கும். அதற்கு எந்தக் கம்பெனி மாத்திரையும் வேண்டாம். நடுவில் புகுந்து, ஆயிரத்து இருநூறு செம்பு ஊற்றி, அவற்றுக்கு நிழலும் குளிர்ச்சியும் கொடுத்து வளர்த்தவன் கெமிஸ்ட்ரி படித்தவன். அந்தப் பெண் டாக்டர் சொன்ன ஆறேழு வரிகளில் நான் ஒதுக்கியது ஒன்றைத்தான். அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஐந்து சாக்குகளையும் பிளாஸ்டிக் பையில் திணித்து வாயை இறுகக் கட்டி மொட்டை மாடி வெயிலில் போட்டேன். தரை வெடிப்புகளைப் பழைய கத்தியால் சுரண்டினேன். ஒரே ஒரு தடவை கொதிநீர் ஊற்றி, உடனே துடைத்து, இரண்டு மின்விசிறிகளை வைத்துக் காயவைத்தேன். பிறகு வெடிப்புகளைச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர் வெட்டும்போது பறக்கிற காகிதத் தூசியை உறிஞ்ச ஒரு மெஷின் உண்டு. தினமும் காலையில் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினேன். கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரத்தில், கதவு இடுக்கில் என்று மூலை முடுக்கெல்லாம் அதை ஓட்டி, சேர்ந்த தூசியை உறையோடு கட்டி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். அந்த மெஷின் போடும் அதிர்வுக்குக் கூட்டுக்குள் இருக்கிற பூச்சியும் விழித்துக்கொண்டு வெளியே வருமாம்; வந்தால் நாய் மேல் ஏறும்; ஏறினால் மாத்திரை ஏறிய ரத்தத்தைக் குடித்துச் சாகும். இதைப் போனில் விளக்கியவரும் அந்த டாக்டர்தான். இந்தத் தடவை எழுதி வைத்துக்கொண்டேன்.

தரை காய்ந்தது. ஈரச் சாக்கு இல்லாமல் வீடு சூளைபோல் ஆனது. என் மனைவி ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். நாய் வெறும் சிமெண்டில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்தது. நாற்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்று. ஒரு வாரத்தில் பன்னிரண்டு. பிறகு எட்டு, ஐந்து, ஐந்து, மூன்று. பார்க்கிறவர்களெல்லாம் ஓயாமல், “இன்னும் போகலையா?” என்றார்கள். இந்த ஊரில் எதற்கும் ஒரு திரி, ஒரு தீக்குச்சி, ஒரு சத்தம் வேண்டும். தினமும் கொஞ்சமாகக் குறைவது ஒரு வேலையாகவே இவர்கள் கண்ணில் படுவதில்லை.

அவர்கள் வந்த அன்று காலை, ஏழு மணிக்கு, சாக்ஸ் போட்டேன். முந்தின இரண்டு நாளும் பூஜ்யம். ஹால் பூஜ்யம். அடுக்களை பூஜ்யம். பின்வராந்தா பூஜ்யம். படுக்கையறையில் இரண்டு நிமிடம் முடியப் பத்து விநாடி இருக்கும்போது இடது கால் சாக்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறியது.

மனைவி அறை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து குனிந்து, இரண்டு விரலால் அதைக் கிள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

“இப்ப எத்தன?”

“ஒண்ணு.”

“கிண்ணத்துல கெடக்கு. கால்ல எத்தன?”

“ஏறினத எண்ணணும். எடுத்த பிறகு எண்ணக் கூடாது.”

“ஊரு ஒலகத்துல எவனாவது ஒரு பூச்சிக்கு இப்படி சத்தியம் பண்ணுவானா? வெளிய என் தம்பி நாய ஏத்த வேன் கொண்டாந்து நிக்கான். ஒரு வார்த்த. பூஜ்யம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க வாய் வெந்தா போகும்?”

அவள் கண் கலங்கியதை நான் முன்பு எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்குக் கணக்கு உண்டு. மிகக் குறைவு. சொல்லிவிடலாம் என்றுதான் வாசலுக்குப் போனேன்.

கார் வந்து நின்றது. மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மச்சினன் வேனில் சாய்ந்துகொண்டு கையில் ஒரு சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எத்தன மாமா?” என்றாள் மருமகள், வாங்க, இருங்க எதுவும் முடிவதற்கு முன்பே.

“ஒண்ணு” என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. “படுக்கையறையில. ரெண்டு நாளா இல்ல. இன்னைக்கு ஒண்ணு.”

பின்னால் என் மனைவி அடுக்களைக்குள் போகிற சத்தம் கேட்டது. மச்சினன், “அத்தான் சொன்னாச் சொன்னதுதான்” என்று சங்கிலியோடு படியேறினான். நாய் அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மருமகள், “அந்தப் பேப்பரக் காட்டுங்க” என்றாள். முப்பத்தாறு நாள் கணக்கையும் நின்றபடியே படித்தாள். நாற்பத்தாறில் விரல் நின்றது.

“இது என்ன இப்படி ஏறுச்சு?”

“அது என் தப்பு” என்றேன். சாக்குக் கதையைச் சொன்னேன். மச்சினன் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது; அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் காகிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “பூஜ்யம்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் காரத் திருப்பச் சொல்லியிருப்பேன் மாமா. கூடு இருக்கிற வரைக்கும் ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும்னு நானும் எங்க டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். நாலு நாளைக்குப் பிள்ளை கட்டில்லயும் பாய்லயும் இருக்கட்டும். நாய் பின்வராந்தாவுல இருக்கட்டும். காலையில நானும் சாக்ஸ் போட்டு நடக்கறேன். சங்கிலிய வண்டியில வைக்கச் சொல்லுங்க.”

“வாக்கு?” என்றேன்.

“யாருக்குக் குடுத்தீங்க? எனக்குத்தானே? நான் வேண்டாங்கறேன்.”

கொடுத்த வாக்கைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி காப்பித் தம்ளர்களோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் நீட்டினாள். நீட்டினாள் என்பதே பெரிது.

அடுத்த நான்கு நாளும் எண்ணிக்கை: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். மருமகள் எண்ணியதும் அதேதான். மாத்திரையை மாதா மாதம் கொடுத்து, இன்னும் மூன்று மாதம் எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணுவேன்.

அவர்கள் வந்த அன்று மச்சினன் உடனே போகவில்லை. வேனை நிழலில் நிறுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். ஈரச் சாக்கைப் பற்றி என்னிடமே மூன்று தடவை விசாரித்தான். போகும்போது அவன் கையில் இருந்தது வெறும் சங்கிலி. வயிற்றில் இருந்தது பதினொரு துண்டு கோழி.